லிஸ்பன்: எதுக்குக் காசு குடுக்கலாம், எதுக்கு வேண்டாம்

திருகோணமலை நிலாவெளியில் புறாத்தீவுக்குப் படகு ஓட்டுகிறவன் நான். வெளிநாட்டுச் சனத்துக்கு ஊர் காட்டித்தான் எங்கட வீட்டில் அடுப்பு எரிகிறது. அதனால் வேறு ஊருக்குப் போனாலும் கண் தொழிலில்தான் நிற்கும். எங்கே டிக்கெட் வெட்டுகிறார்கள், எங்கே சும்மா விடுகிறார்கள், வந்தவனை எங்கே வைத்து மடக்குகிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

கார்த்திகை மாதம் எங்களுக்குக் கடல் கிடையாது. வாடை தொடங்கினால் படகைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துவிட வேண்டியதுதான். பாரிசில் இருக்கும் மகள் அந்த நேரம் பார்த்து எங்கள் இருவரையும் கூப்பிட்டு, 2024 நவம்பரில் போர்த்துக்கல் தலைநகர் லிஸ்பனுக்கும் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்ததிலிருந்து உப்புவெளியில் இரண்டு பேர், கன்னியாவில் ஒருவர், "அண்ணை, பிள்ளையள் டிக்கெட் போட்டுத் தரப் போறாங்கள், எங்க எங்க போகலாம்?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வாய் வலிக்கிறது. எழுதிவிடுகிறேன்.

முதலில் சப்பாத்து. லிஸ்பன் நடைபாதை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைச் சுண்ணாம்புக் கல், நடுவில் கறுப்புக் கல்லால் கோலம். வெயிலில் பார்க்க வடிவு. மழை பெய்தால் பாசி பிடித்த படகுத்துறையில் நடக்கிற மாதிரி வழுக்கும். நவம்பரில் மழையும் பெய்யும். ஊர் முழுக்க மேடு பள்ளம். முழங்கால் நோ உள்ளவர்கள் ரப்பர் அடி உள்ள சப்பாத்து இல்லாமல் விமானமே ஏற வேண்டாம். மனிசி பாட்டா செருப்போடு வந்து, முதல் நாளே மகளிடம் ஏச்சு வாங்கி, புதுச் சப்பாத்தும் வாங்கினா.

28ஆம் இலக்க ட்ராமைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். 1930களின் மஞ்சள் பெட்டி, உள்ளே மரம், பித்தளைக் கைபிடி. மார்ட்டிம் மோனிசில் ஏறினால் அல்ஃபாமாவின் ஒழுங்கைகளுக்குள்ளால் சுவரை உரசுகிற மாதிரிப் போய் மற்றப் பக்கம் கம்போ டி ஓரிக்கில் இறக்கும். ஓட்டுநர் அந்த வளைவுகளில் பிரேக் பிடிக்கிற விதத்தைப் பார்க்கவே ஏறலாம். ஆனால் காலை எட்டு மணிக்கு முந்தி ஏறுங்கள். பத்து மணிக்குப் போனால் கியூவில் நின்றே கால் செத்துவிடும், உள்ளே ஏறினால் பொக்கெட்டில் யாருடைய கை என்று தெரியாது. எங்களோடு வந்த ஒரு ஸ்பானிய அம்மாவின் பேர்ஸ் எங்கள் கண்முன்னே போயிற்று. கண்டவர் ஒருவரும் இல்லை. ட்ராமுக்குள் காசு கொடுத்தால் கட்டணம் கூடுதல். 50 சதத்துக்கு ஒரு அட்டை விற்கிறார்கள், அதில் காசு போட்டு ஏறினால் குறைவு. அதே அட்டை மெட்ரோவுக்கும் பஸ்சுக்கும் ஆற்றுப் படகுக்கும் செல்லும்.

ஆட்டோவும் உண்டு! நம்புங்கள், எங்கட ஊர் ஆட்டோ, மின்சாரத்தில் ஓடுவது, பூ மாலை எல்லாம் கட்டி, ஒவ்வொரு சந்தியிலும் நிற்கிறது. ஒரு மணித்தியாலத்துக்கு 60 யூரோ என்றான் பொடியன். நான் மகளைக் கொண்டு 30 கேட்க வைத்தேன். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். மனிசி, "திருகோணமலையில இருந்து ஆட்டோ ஏறவா இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றா. வேண்டாம்.

கயிற்றில் இழுத்து மலை ஏற்றும் பழைய ட்ராம்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. அவற்றில் 1885இலிருந்து ஓடிய குளோரியா, நாங்கள் வந்த பிறகு, 2025 செப்டம்பர் 3ஆம் திகதி கயிறு கழன்று இறங்கி 16 பேர் செத்துப்போனார்கள். ஆகவே எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று விசாரித்துவிட்டுத் திட்டம் போடுங்கள். சாண்டா ஜுஸ்டா என்ற இரும்பு லிப்ட் 1902இல் கட்டியது, 45 மீட்டர் உயரம். அதன் அடியில் எப்போதும் பாம்பு மாதிரிக் கியூ. அந்த லிப்ட் உங்களைக் கொண்டுபோய் விடும் மேல்தெருவுக்குப் பின்பக்கத்தால் நடந்தே போகலாம். நாங்கள் மெதுவாக, இடையில் சுட்ட கஷ்கொட்டை ஒரு சுருள் வாங்கிக் கொறித்துக்கொண்டு போனோம். நவம்பரில் சந்திக்குச் சந்தி கஷ்கொட்டை சுடுகிறார்கள், தெருவெல்லாம் புகை. அது நல்ல விஷயம், வாங்குங்கள்.

அந்த மேட்டில்தான் கார்மோ. இதுக்குக் காசு கொடுங்கள். தயங்க வேண்டாம்.

1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள், காலை பத்து மணிக்குக் கிட்ட. ஊர்ச் சனம் முழுக்கத் தேவாலயங்களுக்குள் நிற்கும்போது நிலம் ஆடியது. கார்மோ மடத்துக் கூரை பூசையில் நின்றவர்கள் மேலேயே விழுந்தது. அதைத் திரும்பப் போடாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். 1389இல் தொடங்கிய மடம். வளைவுகள் விலா எலும்பு மாதிரி நிற்கின்றன, மேலே வானம், கீழே புல். மழைத்தூறல் எங்கள் தலையில் விழுந்தது. பின்னால் கூரை உள்ள பகுதியில் ஒரு சின்ன அருங்காட்சியகம், அதில் பெரு நாட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு மம்மிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் குந்தி இருக்கின்றன. ஏன் அங்கே என்று கேட்காதீர்கள். ஞாயிறு பூட்டு.

ஆடியது நின்றதும் சனம் இடிந்து விழும் சுவர்களுக்குப் பயந்து ஆற்றங்கரை வெளிக்கு ஓடியது. இப்போது கொமேர்சியோ சதுக்கம் என்று எல்லோரும் படம் எடுக்கிற இடம்தான் அது. அங்கே நின்றவர்களுக்கு முக்கால் மணித்தியாலத்துக்குள் கடல் வந்தது. அரச மாளிகை போயிற்று. மெழுகுதிரிகளிலிருந்து பற்றிய தீ நாட்கணக்கில் எரிந்து மிச்சத்தையும் தின்றது. இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவள் முடிவில் விரும்பினதைக் கொடுக்கிற நடைச்சுற்றுலாவை நடத்திய ஒரு பிள்ளை. சதுக்கத்தின் ஆற்றோரம் இரண்டு கல்தூண் நடுவே தண்ணீருக்குள் இறங்கும் படிகள் உண்டு. அதில் வைத்துச் சொன்னாள். மகள் தமிழாக்கிக்கொண்டே வந்தவள் இடையில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

2004 மார்கழி 26 பூரணை நாள், ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு நிலம் ஆடவில்லை. அதனால் ஓடவும் தெரியவில்லை. எனக்கு வள்ளமும் எஞ்சினும் போனதோடு சரி. கூட நின்றவர்களுக்கு அப்படி இல்லை. அந்தப் பிள்ளைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. முடிவில் மற்றவர்களை விடக் கூடக் கொடுத்தேன்.

லிஸ்பனில் எனக்கு மரியாதை வந்தது அதற்குப் பிறகு அவர்கள் செய்த வேலையில். பொம்பால் என்ற மந்திரி ஒவ்வொரு தேவாலயப் பங்குக்கும் கேள்விக்கொத்து அனுப்பியிருக்கிறார். எத்தனை நேரம் ஆடியது, கடல் முதலில் ஏறியதா வற்றியதா, எவ்வளவு உயரம், எத்தனை பேர் செத்தார்கள் என்று. பாதிரிமார் எழுதி அனுப்பிய பதில்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. கீழ்நகரைப் பைஷா என்பார்கள். அதை நேர்கோட்டுத் தெருக்களாகத் திரும்பக் கட்டினார்கள், ஒவ்வொரு வீட்டுச் சுவருக்குள்ளும் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம் வைத்து. நிலம் ஆடினால் சாந்து உதிரும், மரக்கூடு நிற்கும் என்பது கணக்கு. அரசர் ஜோசேயோ கல்வீட்டுக்குள் படுக்கவே பயந்து, அஜுடா மேட்டில் மரத்தாலும் துணியாலும் போட்ட கொட்டிலில்தான் ஆயுள் முழுக்க இருந்தார். சுனாமிக்குப் பிறகு மாசக்கணக்காகப் பள்ளிக்கூட மைதானத்திலும் கோயில் வீதியிலும் படுத்த சனத்துக்கு அரசரின் நிலைமை நல்லாக விளங்கும்.

பெலெம் பகுதியில் இந்த நிலநடுக்கத்தை உடம்பால் காட்டும் ஒரு காட்சிக்கூடம் 2022இல் திறந்திருக்கிறார்கள். நேரம் குறித்துச் சின்னக் குழுக்களாக விடுவார்கள். ஒரு கட்டத்தில் தேவாலய வாங்குகளில் இருக்க வைத்து, அந்த நாள் பூசையைக் காட்டி, வாங்கைப் பிடித்து ஆட்டுவார்கள். மனிசி வாசலோடு நின்றுவிட்டா. "காசு குடுத்து ஆட்டுப்பட வேணுமோ? நான் வரயில்லை. நீங்கள் போங்கோ." நானும் மகளும் போனோம். டிக்கெட் மலிவில்லை, ஆனால் காசுக்கு வேலை இருக்கிறது. ஆட்டம் முதலில் மெதுவாக, பிறகு நின்று, நின்றுவிட்டது என்று மூச்சு விடும்போது பெரிதாக. பக்கத்தில் இருந்த பெரிய ஆம்பிளை ஒருவர் கத்தினார். கடல் வரும் கட்டத்தில் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. தண்ணீர் வரும்போது தண்ணீர்ச் சத்தம் கேட்காது. தகரம் மடங்கும் சத்தமும், மரம் முறியும் சத்தமும், படகோடு படகு மோதும் சத்தமும்தான் கேட்கும். அதைக் கண்டிராதவர்களுக்கு இந்தக் குறை தெரியாது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு போகிறவர்கள் கட்டாயம் போங்கள். கடல் பின்வாங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு மறக்காது.

காசே இல்லாமல் பார்க்கக் கிடைத்ததில் எனக்கு நெஞ்சில் நின்றது இரண்டு. ஒன்று ரோசியோ சதுக்கத்துக்குப் பக்கத்துச் சாவ் டொமிங்கோஸ் தேவாலயம். நிலநடுக்கத்தில் இடிந்து, கட்டி, திரும்ப 1959இல் தீப்பிடித்தது. கூரையைப் போட்டவர்கள் தூண்களைத் தொடவில்லை. வெடித்து, தோல் உரிந்து, கருகி நிற்கின்றன. வாசலுக்கு வெளியே, 1506இல் இந்த இடத்தில் தொடங்கிய கலவரத்தில் கொல்லப்பட்ட யூதர்களுக்கு ஒரு நினைவுக்கல். கேட்டால் சொல்லாமல் மறைக்கிற ஊர் இல்லை என்று அப்போது நினைத்தேன்.

மற்றது பைஷாவில் ஒரு வங்கிக் கட்டிடத்துக்கு அடியில். 1990களில் வங்கி திருத்த வேலைக்குத் தோண்டியபோது உரோமர் காலத்து மீன் தொட்டிகள் வெளிப்பட்டன. வங்கியே அதைப் பாதுகாத்து, வழிகாட்டி போட்டு, இலவசமாகக் காட்டுகிறது. முன்கூட்டியே பதிய வேண்டும். கீழே இறங்கினால் சதுரம் சதுரமாகத் தொட்டிகள், மூலைகளைக் கவனித்துப் பாருங்கள், கூர்மையாக விடாமல் சாந்து பூசி உருட்டி விட்டிருக்கிறான். ஏன் என்று வழிகாட்டி சொல்ல முந்தி எனக்குத் தெரிந்துவிட்டது. மூலையில் மீன் அழுகல் தங்கினால் முழுத் தொட்டியும் கெடும், கழுவவும் ஏலாது. மீனையும் உப்பையும் அடுக்கடுக்காகப் போட்டு மாசக்கணக்கில் ஊறவிட்டு, வருகிற சாற்றை சாடியில் அடைத்து உரோமாபுரி வரைக்கும் ஏற்றியிருக்கிறார்கள். எங்கட ஜாடி மீனுக்குக் கொறுக்காய் போடுகிறோம், அது ஒன்றுதான் வித்தியாசம். எந்த மீன் என்று கேட்டேன். மத்தி, சின்ன மீன்கள் என்றாள். தலையோடயா, தலை வெட்டியா என்று கேட்டதற்கு அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு, இப்படி ஒருவரும் கேட்டதில்லை என்றாள். அதே தரைக்குக் கீழே 1755க்குப் பிறகு ஈரநிலத்தில் அடித்து இறக்கிய பைன் மரக்குற்றிகளும் தெரியும், மேலே நிற்கிற முழுத் தெருவும் அவற்றின் மேல். இந்த இடத்தைச் சுற்றுலாக்காரர் பாதிப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இனி பெலெம். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் சூடு ஏறியது.

ஜெரோனிமோஸ் மடம் 1501இல் தொடங்கியது. கட்டிய காசு எங்கேயிருந்து? ஆபிரிக்காவிலிருந்தும் கீழைத்தேசத்திலிருந்தும் வந்த சரக்கில் நூற்றுக்கு ஐந்து. மிளகும் கறுவாவும் மட்டும் இதில் சேராது, அந்தக் காசு நேரே அரசருக்கு. தேவாலயத்துக்குள் போக நாங்கள் போனபோது காசில்லை, உள்முற்றத்துக்கு டிக்கெட். திங்கள் பூட்டு. வாசலில் இடப்பக்கம் வாஸ்கோட காமாவின் கல்லறை. வேலைப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. தூணிலும் வளைவிலும் கல்லிலேயே கப்பல் கயிறு செதுக்கியிருக்கிறார்கள், நான் விரலால் தடவிப் பார்த்தேன், முறுக்குப் பிழைக்கவில்லை, கயிறு தெரிந்தவன் பக்கத்தில் இருந்து சொல்லியிருக்க வேண்டும். உள்முற்றத்துக்கும் காசு கொடுக்கலாம்.

அங்கிருந்து ஆற்றோரம் நடந்தால் கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னம். கப்பல் முகப்பு வடிவில் ஐம்பது மீட்டருக்கும் மேல் உயரம். 1940இல் கண்காட்சிக்காகத் தற்காலிகமாக வைத்து, 1960இல் கொங்கிரீட்டிலும் கல்லிலும் நிரந்தரமாகக் கட்டியது. முன்னால் தரையில் 50 மீட்டர் அகலத் திசைகாட்டி, நடுவில் உலக வரைபடம், எங்கே எந்த ஆண்டு போனார்கள் என்று. சனம் தங்கள் நாட்டின் மேல் ஏறி நின்று படம் எடுக்கிறது. மகள் என்னையும் இலங்கைப் பக்கம் நிற்கச் சொன்னாள். நின்றேன்.

எங்கட கோட்டை வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல் ஒன்று சுவரோடு இருப்பது திருகோணமலையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். கோணேசர் கோயிலை 1622இல் இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டியவர்கள் இந்த ஆற்றிலிருந்துதான் புறப்பட்டார்கள். பிறகு ஒல்லாந்தர், பிறகு இங்கிலீசுக்காரர், பெயர் ஃபிரெட்ரிக் கோட்டை ஆயிற்று. தங்கள் தலையில் விழுந்த கூரையை 270 வருடமாக அப்படியே வைத்துக் காட்டத் தெரிந்த ஊருக்கு, தாங்கள் விழுத்தியதைக் காட்ட அந்தச் சின்னத்துக்கு முன்னால் ஒரு பலகை போதும். நான் தேடிப் பார்த்தேன், என் கண்ணில் படவில்லை. அதன் உச்சிக்கு ஏற லிப்டுக்கு டிக்கெட் விற்கிறார்கள். அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

மிச்சம் பிடித்த காசுக்கு 1837இலிருந்து இருக்கிற பெலெம் பேஸ்ட்ரிக் கடை பக்கத்திலேயே. வாசல் கியூ எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு. உள்ளே நீல ஓடு பதித்த பெரிய மண்டபங்கள் உண்டு, கெதியாக இடம் கிடைக்கும். முட்டைக் கிரீம் வைத்த சின்னத் தட்டுப் பேஸ்ட்ரி, மேலே கருகல் புள்ளி, கடித்தால் நொறுங்கும். மேசையில் சீனித் தூளும் கறுவாத் தூளும் வைத்திருக்கிறார்கள். மனிசி கறுவாவை மணந்து பார்த்துவிட்டு, "இது எங்கட மணம் இல்லை" என்றா. சாப்பிட்டது என்னவோ நாலு.

இதே கடையில்தான் ஒரு வேடிக்கை. பாலையூற்றில் என்னோடு படகு வேலை செய்கிற பறங்கிக் கூட்டாளி ஒருவன் தன் அம்மாவின் குரலில், அவர்கள் வீட்டில் கதைக்கும் பறங்கிப் போர்த்துக்கேய பாஷையில் ஒரு செய்தி பதிந்து அனுப்பி, "அங்க ஆருக்கும் விளங்குதோ எண்டு பார்" என்று சொல்லியிருந்தான். வயதான பரிசாரகர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினோம். இரண்டாம் தரம் போடச் சொன்னார். குசினிக்குள்ளிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டார். மழையைப் பற்றியும் கோழியைப் பற்றியும் சொல்லுறா என்றார். சரிதான். அன்று எங்களுக்குக் கோப்பிக்குக் காசு வாங்கவில்லை.

சாவ் ஜோர்ஜ் கோட்டை: டிக்கெட் விலை கூடுதல், உள்ளே சுவரும் காட்சியும் மயிலும். எங்கட கோட்டைக்குள் மான் சும்மா திரிகிறது. நகரைப் பார்க்கத்தான் ஆசை என்றால் அதைவிட மேலே செஞ்ஞோரா டூ மோண்டே என்ற மேட்டில் இலவசமாகப் பார்க்கலாம். ஃபாடோ என்ற அவர்களின் சோகப் பாட்டு: பாடும்போது கதைக்கக் கூடாது, கரண்டிச் சத்தமும் கூடாது. மனிசிக்கு ஒப்பாரி கேட்ட மாதிரி இருந்ததாம், கண் கலங்கினா. எனக்கு நித்திரை வந்தது. சுவரில் பதிக்கும் பீங்கான் ஓடுகளின் அருங்காட்சியகம்: அரை நாள் ஒதுக்குங்கள். 1755க்கு முந்திய லிஸ்பனை ஆற்றிலிருந்து பார்த்த மாதிரி, 23 மீட்டர் நீளத்துக்கு நீல ஓட்டில் வரைந்த ஒரு சுவர் அங்கே இருக்கிறது. போன மாளிகை, போன தேவாலயம் எல்லாம் அதில் நிற்கின்றன. அதன் முன்னால் வாங்கு உண்டு, கால் நோவுக்கும் நல்லது.

சாப்பாடு. கடைகளில் பலகை மாதிரி அடுக்கி வைத்திருக்கும் காய்ந்த மீன் பக்கலாவு. வடகடல் மீன், இவர்கள் கடலில் பிடிபடுவதே இல்லை, ஆனாலும் அதில்தான் உயிர். முட்டையும் உருளைக்கிழங்குக் குச்சியும் போட்டுக் கிளறியது எங்களுக்குப் பிடித்தது, தேசிக்காயும் மிளகாயும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சோறு இல்லாமல் இருக்க முடியாதவர்கள் மார்ட்டிம் மோனிஸ் பக்கத்து ஒழுங்கைகளுக்குள் போனால் வங்காளதேசத்தவர் கடைகள். சைவக்காரர் லூமியாரில் இருக்கிற ராதாகிருஷ்ணர் கோயிலுக்குப் போகலாம். மொசாம்பிக்கிலிருந்து வந்த குஜராத்திச் சனம் கட்டியது, கோயிலோடு சேர்ந்த சாப்பாட்டுக் கூடத்தில் பருப்பும் ரொட்டியும். மனிசி அங்கே வெள்ளிக்கிழமை விரதம் முடித்தா.

கடைசியாக, படகுக்காரன் சொல்கிறேன், ஆற்றில் பொழுது படுவதைக் காட்டுகிறோம் என்று பாய்ப்படகுக்காரர் கேட்கிற காசைக் கொடுக்க வேண்டாம். காய்ஸ் டூ சோட்ரே துறையிலிருந்து அக்கரை கசில்யாசுக்கு ஊர்ச் சனம் போகும் படகு இருக்கிறது. பத்து நிமிடம். அதே ஆறு, அதே வெயில், அதே பாலம். உள்ளூரானுக்கும் எங்களுக்கும் ஒரே கட்டணம். புறாத்தீவில் வெளிநாட்டவருக்கு வேறு, எங்களுக்கு வேறு என்று டிக்கெட் வெட்டுவதைத் தினம் பார்க்கிறவனுக்கு அது புதினமாக இருந்தது. அவர்களும் அரச அருங்காட்சியகங்களில் வருடத்துக்கு 52 நாள் போர்த்துக்கலில் வசிப்பவர்களைச் சும்மா விடுகிறார்கள்தான், ஆனால் வந்தவனிடம் கூட்டி வாங்குவதில்லை. ஐந்து மணிக்கு முந்தி ஏறுங்கள். அதற்குப் பிறகு வேலை முடிந்த சனம் ஏறும், யன்னலோரம் கிடைக்காது. அக்கரையில் இறங்கினால் மீன் சாப்பாட்டுக் கடைகள், விலையை முதலிலேயே கேளுங்கள், மீனைக் கிலோக் கணக்கில்தான் நிறுப்பார்கள்.